மேலே ஒரு காது

சைலன்ட் ஹன்டர் 3 விளையாட்டில் சரக்குக் கப்பலை மூழ்கடிப்பது அவ்வளவு பெரிய காரியமில்லை. டார்ப்பிடோ வெடித்ததும் காவலுக்கு வரும் டெஸ்ட்ராயர்கள் நம் பக்கம் திரும்புமே, அதற்குப் பிறகு உயிரோடு ஊர் திரும்புவதுதான் காரியம். 2005-இல் வெளிவந்த விளையாட்டு அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜெர்மன் நீர்மூழ்கிக்கு நாம் கேப்டன். எந்தக் கடற்கரைக்குப் போவதென்றாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டிய திண்டுக்கல்லில், நைட் ஷிப்ட் இல்லாத இரவுகளில் நான் அட்லாண்டிக்கின் அடியில்தான் கிடந்தேன்.

எனக்கு வேலை வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில். ரிங் ஃபிரேம் ஓடுகிற ஹாலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. வாயசைவும் சைகையும்தான் பேச்சு. அப்படிப்பட்டவனுக்குக் காதை மட்டுமே நம்பி ஆடுகிற ஆட்டம் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை என்றே நினைக்கிறேன். ஹெட்போனை மாட்டினால் தூரத்து புரொப்பல்லர் முதலில் மெல்லிய இரைச்சலாக வரும். பிறகு 'பிங்'. நம் இரும்பு உடம்பில் பட்டுத் திரும்பும் அந்த ஒலி, கப்பல் நெருங்க நெருங்க அடுத்தடுத்து விழும். அந்த நேரத்தில் என் கை தானாக வேகத்தைக் கூட்டத்தான் போகும். ஓடினால் பிழைக்கலாம் என்று உடம்பு சொல்லும்.

எங்கள் தெருவில் கடற்படையில் சோனார் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் நான் ஆடுவதைப் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவன் ஒன்னயத் தேடல தம்பி, சத்தத்தத் தேடுறான். நீ ஏன் அவனுக்குக் குரல் குடுக்குற?"

அவரிடம்தான் மேலே இருப்பவனின் கஷ்டத்தைக் கற்றேன். டெஸ்ட்ராயர் வேகமாக ஓடினால் அதன் இரைச்சலிலேயே அதன் காது அடைத்துவிடும். ஆஸ்டிக் என்ற அன்றைய பிரிட்டிஷ் சோனாரின் ஒலிக்கற்றை முன்னோக்கிச் சாய்வாகப் போகும். நேர் மேலே வரும்போது நீர்மூழ்கி அந்தக் கற்றைக்குள் இருக்காது. ஆக, குண்டு போடுகிற அந்தக் கணத்தில் அவன் குருடன். குண்டும் உடனே வந்துவிடாது. பழைய பிரிட்டிஷ் ஆழ்வெடிகுண்டு நொடிக்குச் சுமார் 3 மீட்டர்தான் இறங்கும். 150 மீட்டர் ஆழத்தில் இருப்பவனுக்கு ஐம்பது நொடி கிடைக்கும். பிங் நின்று, தண்ணீரில் குண்டு விழும் 'தொப்' சத்தம் கேட்டதும் சுக்கானை முழுக்கத் திருப்பி, முழு வேகம். வெடிச்சத்தம் நம் சத்தத்தை மறைக்கும். அது அடங்குவதற்குள் மறுபடி நடைவேகத்துக்கு வந்துவிட வேண்டும். எதிரிக்கு நம் விலாவைக் காட்டக் கூடாது, வாலைத்தான் காட்ட வேண்டும்; எதிரொலி குறையும். சத்தமடக்கும் ஆணை கொடுத்தால் ரிப்பேர் வேலையும் டார்ப்பிடோ ஏற்றும் வேலையும் நின்றுபோகும். தண்ணீர் உள்ளே கசிந்துகொண்டிருக்க, கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதுதான் இதில் பெரிய சோதனை.

நிஜத்தில் அந்தக் குருட்டு நேரத்தையும் அடைத்தார்கள். பிரிட்டிஷ் கேப்டன் வாக்கர் ஒரு கப்பலைத் தள்ளி நிறுத்திக் காது கொடுக்க வைத்து, இன்னொன்றை ஓசையில்லாமல் ஊர்ந்து போய்க் குண்டு போடச் செய்தார். நீர்மூழ்கிகளில் போன சுமார் 40,000 ஜெர்மானியரில் முக்கால்வாசிப் பேர் திரும்பவில்லை.

ஓடாமல் நின்று காது கொடுக்கிற பாடம் எனக்கு மில்லில் பலித்தது. ஒரு ஃபிரேமில் இழை அறுந்துகொண்டே இருந்தால் மேலிருந்து சத்தம் வரும், கீழே ஆட்கள் ஓடுவார்கள். நானும் அவர்களோடு ஓடியவன்தான். இப்போது முதலில் நிற்கிறேன். ஸ்க்ரூ டிரைவர் முனையை பேரிங் கூட்டின் மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்தினால், அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் தேய்ந்த பேரிங் கரகரவென்று தனியாகக் கேட்கும். எங்கள் பழைய ஃபிட்டர்களுக்கு எப்போதோ தெரிந்த வித்தை. என்னை நிற்க வைத்தது அந்த விளையாட்டு.

ஆனால் அண்ணன் இன்னொன்றும் சொன்னார். ஒருநாள் நான் ஒரு டெஸ்ட்ராயரையே மூழ்கடித்துவிட்டுக் குதித்தபோது, "குக்ரியும் இதே வேலை பாத்த கப்பல்தான் தம்பி" என்றார்.

ஐஎன்எஸ் குக்ரி. நீர்மூழ்கிகளை வேட்டையாடவென்றே கட்டப்பட்ட ஃப்ரிகேட். 1971 இந்திய-பாகிஸ்தான் போரில், டிசம்பர் 9 இரவு, தியூ கரைக்கு அப்பால், பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கி விட்ட டார்ப்பிடோவில் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்கவில்லை. சோனாரின் கேட்கும் தூரத்தைக் கூட்ட ஒரு புதிய கருவியைச் சோதித்துக்கொண்டிருந்ததால் குக்ரி வேகத்தைக் குறைத்துப் போய்க்கொண்டிருந்தது. நன்றாகக் கேட்பதற்காக மெதுவாகப் போனவர்கள் அவர்கள். விளையாட்டில் எனக்கு உயிர் கொடுத்த அதே பாடம் அவர்களை இலக்காக்கியது. பிறகு நம் கப்பல்களும் விமானங்களும் நாட்கணக்கில் தேடியும் ஹாங்கோர் தப்பி கராச்சி சேர்ந்தது. நான் இரவெல்லாம் பழகிய தந்திரங்கள்தான் அங்கேயும் நடந்திருக்கும்.

அதன்பின் தப்பிக்கிற சந்தோஷம் பழையபடி இல்லை. திரையில் எரியும் டெஸ்ட்ராயருக்குள் ஹெட்போன் மாட்டிய ஒருவன் இருப்பது தெரிந்துவிட்டது. நீர்மூழ்கியை விட்டுவிடவில்லை, ஆனால் இப்போது அதிகம் ஆடுவது 'டெஸ்ட்ராயர்: தி யு-போட் ஹன்டர்'. அதில் நான் மேலே இருக்கிறேன், கீழே ஒருவன் மூச்சடக்கிக் கிடக்கிறான். அவனைக் கண்டுபிடிப்பது தப்பிப்பதைவிடக் கஷ்டம். அரபிக்கடலை வைத்து, குக்ரியின் சோனார் இருக்கையில் நம்மை உட்கார வைக்கும் ஒரு விளையாட்டை நம் ஊர்ப் பிள்ளைகள் யாராவது செய்ய வேண்டும் என்பது என் ஆசை. அண்ணனிடம் சொன்னேன். கருவி எப்படி இருந்தது, சத்தம் எப்படிக் கேட்டது எல்லாம் தான் சொல்லித்தருவதாகச் சொல்லியிருக்கிறார்.