சாச்சியின் கையெழுத்து

உச்சமுனைக்கு போட்ல போய் இறங்கினப்போ சாச்சி வாடிக்குப் பக்கத்தில கருவாடு புரட்டிக்கொண்டிருந்தா. நான் கையில கொண்டு போன பையில கொழும்பில நடந்த ஒரு செயலமர்வில தந்த புத்தகம், பேனை, 'இளம் பெண் தலைவர்' என்று அச்சடிச்ச சான்றிதழ் எல்லாம் இருந்தது. உம்மா காட்டச் சொன்னதால கொண்டு போனேன். சாச்சி சான்றிதழ வாங்கிப் பார்த்திட்டு, கையில மீன் உப்பு பட்டிருக்கு என்று உடனே திருப்பித் தந்தா.

"என்ன மகள் இதில எழுதியிருக்கு?"

"நான் தலைவராம் சாச்சி."

"யாருக்கு?"

அவ கேலி பண்ணிக் கேட்கல்ல. உண்மையாகவே தெரிஞ்சுகொள்ளத்தான் கேட்டா. எனக்குப் பதில் வரல்ல.

சாச்சிக்கும் ஒரு தேர்தல் கதை இருக்கு. 2018 பெப்ரவரி 10 உள்ளூராட்சித் தேர்தல்தான் இலங்கையில பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீட்டோட நடந்த முதல் தேர்தல். அதற்கு முன்னால நாடு முழுக்க இருந்த உள்ளூராட்சி உறுப்பினர்களில பெண்கள் 2 சதவீதம் கூட இல்லை. அந்தத் தேர்தலோட 20 சதவீதத்தைத் தாண்டினாங்க. பெரிய மாற்றம்தான், அதை யாரும் குறைச்சுச் சொல்லக்கூடாது. ஆனா அந்தச் சட்டத்தோட உள்கணக்கையும் பார்க்கணும். வட்டாரங்களில நேரடியாகப் போட்டியிடுற வேட்பாளர்களில 10 சதவீதம் பெண்களாக இருந்தாப் போதும். மேலதிகப் பட்டியலிலதான் பாதிப்பேர் பெண்கள். அதாவது மக்கள் முன்னால போய் நின்று வோட்டுக் கேட்கிற இடம் பெரும்பாலும் ஆம்பிளைகளுக்கு. பெயர் எழுதுற இடம் எங்களுக்கு. பட்டியலில இருந்து யார் சபைக்குப் போறது என்றதைக் கட்சிதான் முடிவெடுக்கும்.

சாச்சியோட பெயரும் அப்படித்தான் ஒரு பட்டியலில ஏறினது. ஒரு கட்சிக்காரர் வீட்டுக்கு வந்தார். சாச்சப்பாவோட பேசினார், தேத்தண்ணி குடிச்சார், அடையாள அட்டைப் பிரதியையும் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு போனார். சாச்சியோட ஒரு கூட்டமும் இல்லை, ஒரு கேள்வியும் இல்லை. தேர்தல் முடிஞ்ச பிறகு அந்தப் பக்கமே யாரும் வரல்ல. தன்ர பெயர் பட்டியலில எத்தனையாவது என்று கூட அவவுக்கு இன்றைக்கும் தெரியாது.

இது எங்கட ஊரில மட்டும் நடக்கிற கதையில்லை. இந்தியாவில 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1992இல் பஞ்சாயத்துகளில பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு கொடுத்தது. தமிழ்நாடு 2016இல் அதை 50 சதவீதமாக்கினது. ஆனாலும் தலைவி நாற்காலியில உட்கார்ந்திருக்க, அவவோட புருஷன் ஃபைல் பார்க்கிற கதைகள் அங்கேயும் இருக்கு. எங்கட நாடோ 1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவை உலகத்தோட முதல் பெண் பிரதமராக்கின நாடு. பள்ளிக்கூடத்தில மனப்பாடம் பண்ணி எழுதி மார்க்ஸ் எடுத்தோம். அதே நாட்டுப் பாராளுமன்றத்தில பெண்கள் இன்றைக்கு வரைக்கும் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொட்டதில்லை. மேலே ஒரு பெண் போனா கீழே எல்லாரும் தன்னால ஏறிடுவாங்க என்ற கதையை நான் நம்புறதில்லை.

செயலமர்வில காட்டின வீடியோக்களில வெளிநாட்டுப் பெண்கள் மேடையில நின்று பேசினாங்க. நல்லாத்தான் இருந்தது. ஆனா எனக்கு அந்த நேரம் ஞாபகம் வந்தது புத்தளத்து ஜுவைரியா மொஹிதீன். 1990 ஒக்டோபரில விடுதலைப்புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினப்போ மன்னாரில இருந்து வந்தவங்களில ஒருத்தர். அப்ப எத்தனையோ குடும்பங்கள் கடல் வழியா எங்கட கற்பிட்டிக் கரையிலதான் வந்து இறங்கினது. உடுத்த உடுப்போட வந்த பெண்கள் புத்தளத்து முகாம்களில வாழ்க்கையைத் திரும்ப ஆரம்பிச்சாங்க. ஜுவைரியா முஸ்லிம் பெண்கள் அபிவிருத்தி நம்பிக்கையகம் மூலமா, காதி நீதிமன்றங்களில அலைஞ்ச பெண்களோட கூட நின்றவர். 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி காதியாக ஒரு ஆண்தான் இருக்கலாம். ஒரு பெண் தன்ர வாழ்க்கை முறிஞ்ச கதையை, பிள்ளைக்குத் தாபரிப்பு கேட்கிற கதையை, ஆம்பிளைகள் மட்டும் இருக்கிற அறையிலதான் சொல்லணும். அந்தச் சட்டத்தை மாத்தணும் என்று சொந்தச் சமூகத்துக்குள்ள இருந்தே கேட்கிறது மேடைப் பேச்சு மாதிரி இல்லை. அடுத்த நாள் அதே தெருவில நடந்து போய்க் கடையில சாமான் வாங்கணுமே! தலைமை என்று நான் விளங்கிக்கொண்டது அதைத்தான்.

இதையெல்லாம் சாச்சிக்குச் சொன்னேன். முழுக்கக் கேட்டா. இடையில ஒரு தரம் எழும்பிப் போய்க் காகத்தை விரட்டிட்டு வந்தா.

"2025 மே மாதத் தேர்தலுக்கும் கேட்டு வந்தாங்களா?"

"வந்தாங்க. வட்டாரத்தில தாறதெண்டா நிக்கிறன், பட்டியலுக்கு ஏலாது எண்டு சொன்னன்."

"சாச்சப்பா என்ன சொன்னார்?"

"அவரிட்ட கேக்கல்ல. எங்கிட்டத்தானே வந்து கேட்டாங்க."

வட்டாரம் கொடுக்கல்ல. வேற ஒரு பெண்ணோட பெயர் பட்டியலுக்குப் போனது. அதைச் சொல்லும்போது சாச்சிக்குக் கோவம் இருந்த மாதிரித் தெரியல்ல. அந்தப் பெண்ணையும் போய்ப் பார்த்து, "எத்தனையாவது இடம், சபைக்கு யாரை அனுப்புவீங்க எண்டு எழுத்தில கேளு" என்று சொல்லிட்டு வந்தாவாம். எனக்கு அதுதான் ஆச்சரியம். நானா இருந்தா அந்தப் பெண்ணோட ஒரு வருஷம் கதைச்சிருக்க மாட்டேன்.

பின்னேரம் போட்டுக்கு நேரமாகினது. சாச்சி கருவாட்டுப் பார்சல் ஒன்றைக் கட்டித் தந்திட்டு, பேனையையும் கொப்பியையும் எடுக்கச் சொன்னா. கருவாடு காயப்போடுற பெண்கள் பதினொரு பேர் சேர்ந்து ஒரு கடிதம் அனுப்பப் போறாங்களாம். மழைக்காலத்துக்கு ஒரு கொட்டகை வேணும். வியாபாரி தன்ர தராசிலேயே நிறுத்து விலை சொல்றதால, ஊருக்கெண்டு ஒரு தராசும் வேணும். அவ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று போட்டேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டிட்டு, 'தாழ்மையுடன்' என்றதை வெட்டச் சொன்னா. பிறகு கையை முந்தானையில துடைச்சிட்டு, முதலாவது ஆளாகக் கையெழுத்து வைச்சா.