பெத்லகேமின் நட்சத்திரத்துக்கு ஒரு கணக்கு

சி.எஸ். லூயிஸின் ‘அவுட் ஆஃப் த சைலன்ட் பிளானெட்’ 1938இல் வந்த நாவல். ரான்சம் என்ற மொழியியல் பேராசிரியரை இரண்டு பேர் கடத்திச் செவ்வாய்க்குக் கொண்டுபோகிறார்கள். பயந்து ஒடுங்கியிருக்க வேண்டிய மனிதர், கலத்துக்குள் கொட்டும் வெளிச்சத்தில் நாளுக்கு நாள் தெம்பாகிறார். வெளியே இருப்பது செத்த இருட்டு என்று நம்பியிருந்தவருக்கு அங்கே உயிர் ததும்புவதாகப் படுகிறது. லூயிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் இடைக்கால இலக்கியம் சொல்லிக்கொடுத்தவர். ஒளியும் இசையும் நிறைந்த அந்தப் பழைய வானத்தை அப்படியே ராக்கெட்டில் ஏற்றிவிட்டார். அவருடைய செவ்வாயில் கால்வாய்கள்கூட உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

என்னைப் பிடித்து உலுக்கியது வேறு. மற்ற கோள்களோடு பேச்சற்றுப்போன ஊமைக் கிரகம் நம் பூமிதானாம். செவ்வாயில் மூன்று இனங்கள் சண்டையில்லாமல் வாழ்கின்றன, கெட்டுப்போனது நாம்தான். மனிதனே படைப்பின் மகுடம் என்று ஞாயிறுதோறும் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவனுக்கு இது நல்ல குட்டு.

ராக்கெட் ஆர்வலர்களை லூயிஸ் மட்டம் தட்டுகிறார் என்று ஆர்தர் சி. கிளார்க் அவருக்கே கடிதம் எழுதினார். கிளார்க்குக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அவர் 1955இல் வெளியிட்ட ‘த ஸ்டார்’ சிறுகதையின் முடிவைச் சொல்லாமல் மேலே பேச முடியாது, படிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். வெடித்துச் சிதறிய ஒரு விண்மீனை ஆராய்ந்துவிட்டு ஒரு கலம் திரும்புகிறது. அதில் இருக்கும் வானியற்பியலாளர் ஓர் இயேசு சபைக் குரு. அந்த வெடிப்பில் ஓர் அருமையான நாகரிகம் பொசுங்கிப்போயிருக்கிறது. தாங்கள் அழியப்போவது தெரிந்து, தங்கள் பொக்கிஷங்களைத் தொலைதூரக் கோள் ஒன்றில் புதைத்துவைத்துவிட்டு மாண்ட மக்கள் அவர்கள். அந்த வெளிச்சம் பூமிக்கு வந்து சேர்ந்த காலத்தைக் குரு கணக்கிடுகிறார். பெத்லகேமின் மேல் தெரிந்தது அதுதான்.

நம்பிக்கையில்லாதவருக்கு அந்தக் கணக்கு ஒரு தற்செயல்; தோளைக் குலுக்கிவிட்டு நகர்ந்துவிடலாம். குருவுக்கு அந்த வசதி இல்லை. அந்த நட்சத்திரத்தை அனுப்பியவர் ஒருவர் உண்டு என்று நம்புவதால்தான், அதற்குக் கொடுத்த விலை அவரை வதைக்கிறது. கதை நாத்திகர் எழுதியது. முழுசாக வலிப்பதென்னவோ விசுவாசிக்கு. லூயிஸின் வானம் எனக்கு ஆறுதல் தருகிறது, ஆனால் இந்த அளவுக்கு என் விசுவாசத்தை அவர் சோதித்ததில்லை.

சபை வாலிபர் கூட்டத்துக்கு லூயிஸை எப்போது வேண்டுமானாலும் வாசிக்கக் கொடுக்கலாம். கிளார்க்கை ஜனவரியில் கொடுப்பேன். வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரம் தொங்கும் டிசம்பரில் கொடுக்க மனம் வரவில்லை.