ஓடிப்போனவர் வீட்டுப் பத்திரம்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவி)

திருவானைக்காவலில் எங்கள் தெருவுக்கு வந்து எங்கள் வீடு எது என்று கேட்டால், சின்னவர்கள் கதவு எண்ணைச் சொல்வார்கள். வயதானவர்கள் கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஓடிப்போனவர் வீடுதானே?" என்பார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் வீட்டு வாசலில் ஒட்டிக்கொண்டிருக்கும் பெயர் அது. சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை. பெயிண்ட் அடித்தும் போகவில்லை.

ஓடிப்போனவர் என் அப்பாயியின் தாத்தா. தம் மகனுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது சிலோனுக்குப் போனார். திரும்பி வரவே இல்லை. அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேறொரு பெண்ணோடு குடித்தனம் நடத்தினார் என்பது தெரு சொன்ன தீர்ப்பு. ஊரில் தங்கிவிட்ட அவர் மனைவியை அப்பாயி 'ஆத்தா' என்று சொல்வார். உயிரோடிருந்த புருஷனுக்கு வெள்ளைச் சேலை கட்டியவள் என்று ஆத்தாவையும் தெரு பேசியதாம். ஆடி அமாவாசையன்று அம்மா மண்டபத்தில் அப்பா தர்ப்பணம் கொடுக்கும்போது, புரோகிதர் தாய்வழி மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்பார். அப்பாயியின் தந்தை பெயரோடு அப்பா நிறுத்திக்கொள்வார். அடுத்த பெயர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் வராது.

சென்ற ஆண்டு வகுப்பில் எங்கள் வரலாற்று விரிவுரையாளர், அமெரிக்காவில் சாதாரண மக்கள் தம் முன்னோரைத் தேடும் முறையை விளக்கினார். அவர்களுக்கு மூன்று வாசல்கள் உண்டாம். ஒன்று நிலப் பத்திரம். இரண்டு குடிமதிப்புக் கணக்கு. மூன்று உயில் வழக்குக் கட்டு. 1850 முதல் அந்நாட்டுக் குடிமதிப்பில் அடிமையல்லாத ஒவ்வொருவர் பெயரும் வயதும் எழுதப்பட்டன. எழுபத்திரண்டு ஆண்டுகள் கழிந்ததும் அந்தத் தாள்களை யாரும் பார்க்கலாம். 1950-ஆம் ஆண்டுக் கணக்கு 2022-இல் திறக்கப்பட்டது. ஒருவர் இறந்தால் அவர் விட்டுச்சென்ற பசு, ஏர், பாத்திரம், கரண்டி வரைக்கும் பட்டியல் போட்டு நீதிமன்றத்தில் வைத்திருப்பார்கள். "உங்களில் யாராவது இந்த மூன்று வாசலையும் நம் ஊரில் தட்டிப் பாருங்களேன்" என்றார் அவர். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் குடிமதிப்பு வாசலைத் தட்டினேன். அது கல்லாய் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1871-இலும், பிறகு நாடு முழுவதற்குமாக 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறையும் மக்களைக் கணக்கெடுத்தார்கள். ஆனால் நமக்குக் கிடைப்பது தொகைகள் மட்டுமே. இந்தத் தாலுகாவில் ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை, எழுதத் தெரிந்தவர் இத்தனை என்று தெரியும். இன்ன வீட்டில் இன்னார் இருந்தார் என்பது தெரியாது. 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியொருவரைப் பற்றிய விவரத்தை யாருக்கும் காட்டுவதும் கூடாது. எங்கள் கொள்ளுப் பாட்டனார் அந்தக் கூட்டல் கணக்கில் ஒரு புள்ளியாக மறைந்து கிடக்கிறார்.

உயில் வாசலும் உதவவில்லை. சென்னைப் பட்டணத்து இந்துக்களின் உயில்களுக்கு நீதிமன்றத்தில் மெய்ப்பிதழ் பெறவேண்டும் என்ற கட்டாயம் முன்பு இருந்தது. நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்கு அது இருந்ததில்லை. ஆகவே அமெரிக்காவில் இருப்பதுபோன்ற கட்டுகள் இங்கே சேரவில்லை. ஆனால் பதிவு செய்த உயில்களைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மூன்றாம் புத்தகத்தில் எழுதி வைக்கிறார்கள். எழுதியவர் இறந்துவிட்டால் எவரும் அதன் நகலைக் கேட்கலாம். கேட்டோம். எங்கள் வீட்டார் பெயரில் ஒன்றும் இல்லை.

மிஞ்சியது நிலம்.

அப்பாயியின் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில், 1962-இல் அவர் தந்தை அவருக்கு எழுதிக்கொடுத்த தான செட்டில்மெண்ட் பத்திரம் இருந்தது. அப்பாயி ஒரே பிள்ளை. உள்ளூரிலேயே முறை மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்து, பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டவர். அதற்கு முந்தைய காகிதங்களெல்லாம் 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் நனைந்து கூழாகிப் போயின என்பார். பத்திரத்தின் சொத்து விவரத்தில் இரண்டு வரிகள் இருந்தன. பிதுரார்ஜிதமாய் வந்த நஞ்சை ஒரு மா. என் தாயார் கிரயம் வாங்கிய நஞ்சை அரை மா.

அரை மா என்றால் ஐம்பது குழி. பெரிய நிலம் ஒன்றுமில்லை. ஆனால் என் மனத்தில் அது முள்ளாய்த் தைத்தது. புருஷனால் கைவிடப்பட்டு, ஒரு பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு வாழைத் தோப்பில் கூலி வேலை பார்த்த பெண்ணுக்கு நிலம் வாங்கப் பணம் ஏது?

விரிவுரையாளரிடம் சொன்னேன். "ஆளைத் தேடாதே அம்மா, நிலத்தைத் தேடு. ஆள் தானாக வருவார்" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் எனக்கு மூன்று மாத வேலை வைத்தது. 1962-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் இருக்கும் சர்வே எண் இப்போதைய பதிவேட்டில் இல்லை. பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பழைய வருவாய்க் கணக்கில் ஆண்டெல்லாம் பசலியில் இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். பசலி 1318 என்றால் 1908 ஜூலையில் தொடங்கிய ஆண்டு. பத்திரங்களிலோ தமிழ் வருஷப் பெயர் வரும். கீலக வருஷம் எது, ஆனந்த வருஷம் எது என்று பஞ்சாங்கம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். கணினியில் கிடைக்கும் வில்லங்கச் சான்று அவ்வளவு தூரம் பின்னே போவதில்லை. ஆண்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று தேடுகூலி கட்டி, பெயர் அட்டவணையையும் சொத்து அட்டவணையையும் புரட்டச் செய்ய வேண்டும். நிலச் சொத்துப் பத்திரங்கள் எழுதப்படும் முதற் புத்தகத்தை எவரும் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம் என்பது பதிவுச் சட்டம் நமக்குக் கொடுத்திருக்கும் உரிமை. அதை நம்மில் பலர் அறியோம். நானும் அறியாமலே இருந்தேன்.

நான்கு நகல்கள் கைக்கு வந்தன. முதல் நகலைப் பிரித்ததும் திகைத்துப் போனேன். புள்ளி இல்லாத எழுத்து. இடைவெளி இல்லாத வரி. 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய 'னை'யும் 'லை'யும் தும்பிக்கை தூக்கி நின்றன. வரலாறு படிக்கும் நான் விழிக்க, ஐந்தாம் வகுப்போடு நின்ற அப்பாயி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இங்க கொண்டா கண்ணு" என்று வாங்கி, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினார்.

முதலாவது 1908-ஆம் ஆண்டுப் போக்கியப் பத்திரம். பூர்வீகக் கடனைத் தீர்ப்பதற்கும் குடும்பச் செலவுக்குமாக, ஒரு மா நஞ்சையை இருநூறு ரூபாய்க்குப் போக்கியம் வைத்திருக்கிறார் தாத்தா. செக்குபந்தி என்னும் நான்கெல்லை விவரம் சுத்தமாக எழுதியிருக்கிறது: இன்ன வாய்க்காலுக்குத் தெற்கு, இன்னார் தோப்புக்கு மேற்கு. நம் ஊர்க் கோயில் மதிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுக்களும் நிலத்தைச் சொல்லும்போது இப்படித்தானே கீழெல்லை, தென்னெல்லை என்று சொல்கின்றன என்று எண்ணிக்கொண்டேன். கல் போய்க் காகிதம் வந்திருக்கிறது, முறை மாறவில்லை.

இரண்டாவது 1915-ஆம் ஆண்டு ரசீது. போக்கியம் மீட்கப்பட்டது. அதைப் படிக்கும்போது அப்பாயியின் குரல் பாதியில் நின்றது. கடன் கொடுத்தவர் எழுதிக்கொடுத்த ரசீது அது. சிலோனிலிருந்து உம்முடைய புருஷர் மணியார்டர் மூலமாகப் பல தவணைகளில் அனுப்பிய தொகையை உம்மிடமிருந்து ரொக்கமாகப் பற்றிக்கொண்டபடியால், இனிமேல் எனக்கு அந்த நிலத்தில் யாதொரு பாத்தியமும் இல்லை என்பது அதன் சாரம்.

அப்பாயி அந்த இடத்தை மறுபடி படித்தார். அதற்குமேல் படிக்கவில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்தபடி இருந்தார்.

மற்ற இரண்டையும் மறுநாள்தான் படித்தோம். 1917-இல் ஆத்தா அரை மா கிரயம் வாங்கியிருக்கிறார். அதில் இன்னார் பாரியாள் என்று இருக்கிறது. 1920-இல் அதே நிலத்தைக் குத்தகைக்கு விட்ட பத்திரத்தில் இன்னார் விதவை என்று இருக்கிறது. இரண்டிலும் ஆத்தாவின் கீறல். 'பாரியாள்' என்னும் சொல்லுக்கும் 'விதவை' என்னும் சொல்லுக்கும் இடையில் உள்ள மூன்றாண்டுகளில் எங்கோ ஒரு தோட்டத்து லயத்தில் தாத்தா கண்ணை மூடியிருக்கிறார். உலகெங்கும் 1918-இல் விஷக் காய்ச்சல் கோடிக்கணக்கில் உயிர்களைக் கொள்ளை கொண்ட காலம் அது.

விரிவுரையாளர் எச்சரித்தார்: "பத்திரத்தில் இருப்பது எழுதச் சொன்னவர் சொன்னது. அதை அப்படியே நம்பிவிடக் கூடாது." பிறகு அவரே சொன்னார்: "ஆனால் இங்கே சொல்பவர் கடன் கொடுத்தவர். நிலத்தை இழக்கிறவர். சிலோன் பணம் என்று பொய் சொல்லி அவருக்கு ஆகவேண்டியது என்ன?"

அந்தப் பணத்தின் அருமையை நூலகத்தில் படித்துத்தான் அறிந்தேன். சிலோன் தோட்ட முதலாளிகள் 1904-இல் ஏற்படுத்திய தொழிலாளர் கமிஷனுக்குத் தலைமையகம் நம் திருச்சிதான். கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள். தனுஷ்கோடி-தலைமன்னார்க் கப்பல் 1914-இல்தான் வந்தது; 1908-இல் போனவர் தூத்துக்குடியில் கப்பல் ஏறியிருக்க வேண்டும். போன ஆளின் கடன் 'துண்டு' என்ற சீட்டில் எழுதப்பட்டிருக்கும். அதைத் தீர்க்காமல் தோட்டம் மாற முடியாது. அந்த முறையை 1921-இல்தான் சட்டம் ஒழித்தது. அப்படிப்பட்ட கடனுக்குள் கிடந்துகொண்டு, ஏழாண்டுகளில் இருநூறு ரூபாயை மிச்சம் பிடித்து அனுப்பியவரையா நாம் ஓடிப்போனவர் என்றோம்?

"ஆத்தா ஏன் அப்பாயி யார்கிட்டயும் சொல்லலை?" என்று கேட்டேன்.

"பணம் வருதுன்னு தெரிஞ்சா பங்காளி சும்மா விடுவானா? பேசிட்டுப் போகட்டும்னு இருந்திருப்பா. பேச்சா நெலத்தைத் திங்கப்போகுது?" என்றார் அப்பாயி.

நண்பர்களே, இதை எங்கள் குடும்பப் பெருமைக்காக எழுதவில்லை. நகல்களை அடுக்கி வைத்தபோது வேறொரு நினைவு என்னை வருத்தியது. எங்கள் தாத்தாவின் பெயரைக் காப்பாற்றியது அந்த ஒரு மா நிலம். அது இருந்ததால் அடகு வைத்தார். அடகு வைத்ததால் மீட்டார். மீட்டதால் காகிதம் பிறந்தது. அதே கப்பலில் அவரோடு போன எத்தனையோ பேருக்கு ஒரு குழி நிலமும் கிடையாது. அவர்களும் பணம் அனுப்பியிருப்பார்கள். இங்கே ஒரு தாய் அதில் கஞ்சி காய்ச்சியிருப்பாள். கஞ்சிக்குப் பத்திரம் ஏது? அமெரிக்காவிலும் இதே நிலைதான். 1850, 1860 கணக்குகளில் அடிமைகள் உடையவர் பெயரின்கீழ் வெறும் வயதாகவும் பாலாகவும் நிறமாகவுமே எழுதப்பட்டார்கள். 1870-இல்தான் அந்நாட்டுக் குடிமதிப்பு அவர்கள் எல்லோருக்கும் பெயர் கொடுத்தது. சொத்து இல்லாதவரை ஏடுகள் மறந்துவிடுகின்றன. அவர்களுக்கு இருக்கும் ஒரே பதிவேடு வீட்டுக் கிழவிகளின் ஞாபகம்தான்.

ஆகவே இந்த விடுமுறையில் உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பெட்டி இல்லாத வீடானால் பாட்டியின் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். யார் மகன், யார் மகள், எங்கே போனார், என்ன அனுப்பினார் என்று கேட்டு, தேதி போட்டு எழுதி வையுங்கள். நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.

இவ்வாண்டு ஆடி அமாவாசையன்று அம்மா மண்டபத்தில் காவிரி படித்துறையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. புரோகிதர் வழக்கம்போலத் தாய்வழிப் பெயர்களைக் கேட்டார். அப்பா தம் தாத்தாவின் பெயரைச் சொன்னார். பிறகு ஒரு கணம் நிறுத்தி, படியில் உட்கார்ந்திருந்த அப்பாயியைத் திரும்பிப் பார்த்தார். அப்பாயி எழுந்து நின்று அந்தப் பெயரை உரக்கச் சொன்னார். அப்பா அதைத் திருப்பிச் சொல்லி, எள்ளும் தண்ணீரும் இறைத்தார்.