நெய்வேலியில் ஒரு கல்யாணக் கடை

பண்ருட்டியில் பலாப்பழ வாசனை. தாண்டினால் முந்திரித் தோப்பு. அதையும் தாண்டி ஆர்ச் கேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்தால், 'இது தமிழ்நாடுதானா?' என்று ஒரு சந்தேகம் வரும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ரோடு, இரண்டு பக்கமும் மரம். வீடு எங்கே என்று விசாரித்தால் "18-வது வட்டம் ஸார்" என்பார்கள். மற்ற ஊரில் ஜாதகத்தில் கட்டம். இங்கே அட்ரஸிலேயே வட்டம்!

இந்த ஊரின் ஜாதகமும் சுவாரஸ்யமானது. 1956-ல் கம்பெனி பிறந்தது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். ஆனால், பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில்தான். நடுவில் நாலு வருஷம் என்ன செய்தார்கள்? மேலே இருக்கிற மண்ணை அள்ளிக் கொட்டினார்கள். கரிக்கு அடியிலிருந்து முட்டிக்கொண்டு வரும் ஊற்றுத் தண்ணீரை ராப்பகலாக இறைத்தார்கள். இந்த நாலு வருஷத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சுரங்கத்துக்குத்தான் மூன்று ஷிஃப்ட். கல்யாணத்துக்கு முகூர்த்தம் மட்டும்தான். வேலைக்காக மலையாளி, தெலுங்கர், ஒரியாக்காரர் எல்லாரும் வந்து குடியேறிய ஊர் இது. ஒரு மண்டபத்தில் பட்டு சரசரக்கும், இன்னொன்றில் கசவுப் புடவை, வேறொன்றில் லெஹங்கா. ஆனால், முகூர்த்தப் புடவை எடுக்க வேன் பிடித்துக் காஞ்சிபுரத்துக்கும் தி.நகருக்கும் கும்பகோணத்துக்கும் போகிறவர்கள்தான் அதிகம்.

அங்கே எனக்குத் தெரிந்த ஒரு தம்பி. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறான். டீ குடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தான்.

"அண்ணே, கல்யாண டிரஸ் கடை ஒண்ணு போடலாம்னு பாக்கறேன். அக்காவுக்கு ஆரி ஒர்க் நல்லா வரும். ஆனா அம்மா, 'ஜாக்கெட் கடைக்காரனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?'னு கேக்கறாங்க."

நியாயமான கேள்வி. 'மாப்பிள்ளை நெய்வேலியில பர்மனென்ட்' என்ற மூன்று வார்த்தைக்கு இந்தப் பக்கத்துக் கல்யாண மார்க்கெட்டில் இருக்கிற மதிப்பு தனி. நிலம் கொடுத்த குடும்பங்கள் நிரந்தர வேலை கேட்டுப் போராடுவது பல வருஷக் கதை. எல்லா வீட்டிலும் ஒருத்தர் அந்த வார்த்தைக்காகக் காத்திருக்கிறார்.

நான் படித்த பி.காமுக்கு அன்றைக்குத்தான் வேலை வந்தது. டீக்கடை பேப்பரிலேயே கணக்குப் போட்டோம்.

பட்டுப்புடவைக் கடை என்றால், சும்மா 200 புடவை, சராசரி 10,000 ரூபாய் என்று வைத்தாலே 20 லட்சம் அலமாரியில் தூங்கும். 12 சதவீத வட்டி என்றால் மாதம் 20,000. ஆடியில் முகூர்த்தம் இல்லை, மார்கழியில் இல்லை, புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. மூன்று மாதம் கடை கொட்டாவி விடும். வட்டிக்கு ஏது ஆடி, மார்கழி?

ஜாக்கெட் கடை வேறு ரகம். புடவையையும் துணியையும் கஸ்டமரே கொண்டு வருவார். நமக்கு வேண்டியது தையல் மிஷின், துணியை இழுத்துக் கட்டும் ஆரி ஸ்டாண்டு, கொக்கி ஊசி, ஜரிகை, மணி, ஒரு பெரிய கண்ணாடி. முழுக்க முழுக்கக் கை வேலை; கனமான டிசைன் என்றால் ஒரு ஜாக்கெட்டுக்கு ஒரு வாரம்கூடப் பிடிக்கும். விற்பது துணியை அல்ல, நேரத்தை. தொடங்குவதற்கு 2015-ல் வந்த முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை 'சிசு' கடன் உண்டு; சொத்து ஜாமீன் கேட்க மாட்டார்கள்.

"சரிண்ணே, கடை எங்க போடறது?"

டவுன்ஷிப் நிலம் கம்பெனியுடையது. ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதனால் பலர் இந்திரா நகர், வடக்குத்து பக்கம் வீடு கட்டுகிறார்கள். ரிட்டயர்மென்ட் பணம் வருகிற சமயத்தில்தான் பல வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணமும் வரும். பணமும் பெண்ணும் எந்தப் பக்கம் போகிறதோ, கடையும் அந்தப் பக்கம்!

"முதல்ல திருபுவனம் போய்ட்டு வா" என்றேன். வடலூர், சேத்தியாத்தோப்பு, அணைக்கரை வழியாகக் கும்பகோணம். அங்கிருந்து கூப்பிடு தூரம். விசிறி மாதிரி மடிக்கும் அந்த ஊர்ப் பட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அசல் ஜரிகை என்றால் பட்டு நூலில் வெள்ளிக் கம்பி சுற்றி, மேலே தங்க முலாம். பட்டு இழையைக் கொளுத்தினால் முடி பொசுங்கிய வாடை வரும். இதெல்லாம் தெரியாமல் கல்யாணக் கடை நடத்தினால், கல்யாணப் பெண்ணின் பாட்டியிடமே மாட்டிக்கொள்வோம்!

இன்னொன்று, டெலிவரி. முகூர்த்தத்துக்கு முதல் நாள் அல்ல, பத்து நாள் முன்னால் கொடுக்க வேண்டும். கல்யாணம் நிச்சயமான பெண் இளைப்பாள், அல்லது விருந்து சாப்பிட்டுக் குண்டாவாள். பிரித்துத் தைக்க நாள் வேண்டாமா?

கல்கத்தாவில் சப்யசாச்சி முகர்ஜி என்பவர் ஃபேஷன் படிப்பை முடித்த கையோடு, 1999-ல் சின்னதாகத்தான் ஆரம்பித்தார். 2021-ல் அவர் கம்பெனியின் 51 சதவீதப் பங்கை பிர்லா குரூப் 398 கோடிக்கு வாங்கியது. எல்லாரும் சப்யசாச்சி ஆகிவிட முடியாதுதான். ஆனால், கல்யாணத் துணியில் பிழைப்பு உண்டா என்ற கேள்விக்கு அது ஒரு பதில்.

1962-ல் சோவியத் உதவியோடு ஓட ஆரம்பித்த முதல் அனல் மின் நிலையத்தை 2020-ல் மூடிவிட்டார்கள். கரியும் ஒரு நாள் தீரும். அந்த நாலு வருஷத்தை ஞாபகம் வைத்திருக்கிறீர்களா? கடையிலும் முதலில் மண்ணும் தண்ணீரும்தான் வரும். இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கரி.

பெண் பார்க்கப் போகிற இடத்தில் "பையன் பர்மனென்டா?" என்று கேட்டால், தம்பி தைரியமாகச் சொல்லலாம்: "ஊர்ல கல்யாணம் நடக்கிற வரைக்கும் பர்மனென்ட்தாங்க!"