நாலு ராஜ வீதியும் ஒரு ராணியும்

தஞ்சாவூருக்குப் போகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்க்கிறார்கள். தலையாட்டிப் பொம்மை ஒன்று வாங்குகிறார்கள். அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் கோயிலிலிருந்து சற்றே நடந்தால் கீழ, தெற்கு, மேல, வடக்கு ராஜ வீதிகள் என்று நாலு வீதிகள் வருகின்றன. அவற்றுக்குள்ளே அரண்மனை. பழைய கோட்டைத் தஞ்சாவூர் இதுதான். இங்கே குடியேறிய பாஷைகளை எண்ண ஆரம்பித்தால் தமிழ், தெலுங்கு, மராத்தி, சௌராஷ்டிரம், கன்னடம் என்று ஒரு கை விரல்களும் தீர்ந்துவிடும்!

இத்தனை பேர் ஏன் வந்தார்கள்? அதற்கு விடை பெரிய கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது. 1010-ல் கோயிலைக் கட்டி முடித்த ராஜராஜன், சோழ நாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 ஆடல் மகளிரைத் தஞ்சைக்கு வரவழைத்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு. வருஷத்துக்கு 100 கலம் நெல். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்று பெண்களின் விலாசம் கல்லிலே வெட்டப்பட்டிருக்கிறது. வீடும் நெல்லும்! வந்தவர்களையெல்லாம் இருக்க வைத்தவை இந்த இரண்டும்தாம். காவேரி வற்றாமல் கொடுத்த நெல், பிறகு வந்த ராஜ்யங்களுக்கும் படியளந்தது.

பதினாறாம் நூற்றாண்டில் நாயக்கர்கள் வந்தார்கள், அரண்மனையைத் தொடங்கினார்கள். சபையின் பாஷை தெலுங்காயிற்று. ரகுநாத நாயக்கரின் சரித்திரத்தை சம்ஸ்கிருதக் காவியமாக எழுதியவர் ராமபத்ராம்பா என்ற பெண்மணி. 1673-ல் நாயக்கர் ஆட்சி முடிந்தது. சிவாஜி மகாராஜாவின் தம்பி ஏகோஜி 1676-ல் தஞ்சையைப் பிடித்தார்; மராத்தி வந்தது. ஆனால் தெலுங்கு மூட்டை கட்டிக்கொண்டு போய்விடவில்லை. மராத்திய ராஜா பிரதாப சிம்மரின் சபையில் முத்துப்பழனி என்ற மாது தெலுங்கிலேயே 'ராதிகா சாந்த்வனம்' இயற்றினார். ராஜா மாறினால் பாஷை போய்விட வேண்டும் என்ற நியதி தஞ்சாவூரில் கிடையாது.

தெய்வமும் இப்படித்தான் குடியேறியது. போர்ப் பயத்தில் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட பங்காரு காமாட்சி, ஊர் ஊராகத் தங்கி, கடைசியில் மேல வீதியில் வந்து அமர்ந்தாள். அவளுக்குப் பூஜை செய்த குடும்பத்தில் உதித்தவர்தாம் சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரிகள். நாட்டியத்துக்கு இன்றைய முறையை வகுத்துத் தந்த பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நாலு சகோதரர்களின் வீடும் இதே வீதியில்தான்.

சிவகங்கைப் பூங்காவில் 1779-ல் கட்டிய மாதா கோயில் இருக்கிறது. உள்ளே ஒரு சலவைக்கல் சிற்பம்: மரணப் படுக்கையிலே ஷ்வார்ட்ஸ் பாதிரியார், அவர் கையைப் பற்றிக்கொண்டு சரபோஜி. தம்மை வளர்த்த குருவுக்காக அந்த ராஜா லண்டன் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்தது. அதே சரபோஜிதான் சரஸ்வதி மகால் சுவடிகளைப் பெருக்கியவர். தம் போன்ஸ்லே வம்சத்தின் கதையை 1803-ல் பெரிய கோயில் மதில் சுற்றில் மராத்தியில் பொறிக்க வைத்தவரும் அவரே.

மானோஜிப்பா வீதிப் பக்கம் ஒரு மராத்தி வீட்டில் தண்ணீர் கேட்டேன். தண்ணீரோடு சாப்பாடும் வந்தது. டாங்கர் பச்சடி! "உங்களுக்குச் சொந்த ஊர் மகாராஷ்டிரத்தில் எது, அம்மா?" என்று கேட்டேன். பெரியவர் விழித்தார். "கீழ வீதி" என்றார்.

அந்தப் பதிலின் அருமை தெரிய வேண்டுமானால் காமாட்சி பாயின் கதையைக் கேட்க வேண்டும். சரபோஜியின் மகன் சிவாஜி ராஜா 1855-ல் ஆண் வாரிசின்றி இறந்தார். கம்பெனியார் ராஜ்யம் தங்களுடையது என்றார்கள். அதோடு விடவில்லை, ராஜாவின் சொந்தச் சொத்தையும் எடுத்துக்கொண்டார்கள். கோஷாவில் இருந்த மூத்த ராணி காமாட்சி பாய் வாளை எடுக்கவில்லை, வக்கீலை வைத்தார். ராஜ்யம் வேறு, கணவரின் சொந்தச் சொத்து வேறு, அது மனைவிக்குச் சேர வேண்டும் என்பது அவர் வழக்கு. சென்னை சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1859-ல் லண்டன் பிரிவி கவுன்சில், 'இது அரசாங்கத்தின் செய்கை. கோர்ட்டு விசாரிக்க முடியாது' என்று தள்ளிவிட்டது. ராணி தோற்றார். ஆனாலும் 1862-ல் சர்க்காரே ராஜாவின் நிலபுலன்களைக் குடும்பத்தாருக்கு விட்டுக்கொடுத்தது. ஒரு விதவையின் பிடிவாதம் வீண் போகவில்லை!

ராஜ்யம் போயிற்று, மனிதர்கள் போகவில்லை. சரஸ்வதி மகால் 1918 முதல் பொதுமக்களின் நூலகம். அரண்மனையின் ஒரு பகுதியில் போன்ஸ்லே குடும்பத்தார் இன்றும் வசிக்கிறார்கள். வீதிகளில் பாத்திரக் கடையும் ஜவுளிக் கடையும் நெருக்குகின்றன. பழைய திண்ணைகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஆயினும் சமையலறையில் மராத்தி, கூடத்திலே தெலுங்குக் கீர்த்தனை, வாசலில் தஞ்சாவூர்த் தமிழ் என்று பேசும் வீடுகள் இருக்கத்தான் இருக்கின்றன.

அடுத்த முறை தஞ்சாவூர் போனால், அந்த முதல் பஸ்ஸைத் தவறவிட்டுவிடுங்கள்.