பள்ளிவாசல் அலுவலகத்தின் மடிக்கணினி

வக்ஃபு சொத்துகளின் விவரங்களை இணையத்தில் பதிவேற்றுவதற்கான ‘உமீத்’ தளம் 2025 ஜூன் 6 அன்று திறக்கப்பட்டது. அதற்கு அளிக்கப்பட்ட அவகாசம் ஆறு மாதங்கள். அதற்கு அடிப்படையான சட்டத்தைப் பற்றிய விவாதங்கள் பெரியவை. அறிந்தோர் அவற்றை எழுதியிருக்கிறார்கள். நவம்பர் மாதத்தில் எலவனாசூர்கோட்டையில் எங்கள் மஹல்லாவுக்கு இருந்த கவலை அவற்றைவிடச் சிறியது, ஆனால் அவசரமானது. பள்ளிவாசல் அலுவலகத்தில் இருந்த ஒரே மடிக்கணினி, வேலை நடந்துகொண்டிருக்கும்போதே சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துகொண்டிருந்தது.

அக்கருவியின் வரலாறு சுருக்கமானது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயிலும் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பின்போது ஒன்றைப் பெற்ற எங்கள் மஹல்லாப் பிள்ளை ஒருவர், படித்து வேலைக்குச் சென்றபின் அதை ஜமாஅத்துக்குக் கொடுத்துவிட்டார். எட்டாண்டுகள் உழைத்த கருவி. கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களும் நிக்காஹ் பதிவேட்டின் நகல்களும் அதில்தான் உருவாயின. அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக.

பதிவேற்ற வேண்டியவை மிகுதியில்லை: கபரஸ்தான், பள்ளிவாசலை ஒட்டிய கடைகள், சிறிதளவு நிலம். ஒவ்வொன்றுக்கும் புல எண், பரப்பு, எல்லைகள் ஆகியவற்றை நிரப்பி ஆவணங்களின் படிகளை இணைக்க வேண்டும். படிவம் பாதி நிரம்பியிருக்கையில் திரை கறுத்துவிட்டால் அந்தப் பாதியும் போய்விடும். அதுகூடப் பொறுத்துக்கொள்ளத்தக்கதே. கபரஸ்தானின் பழைய பத்திரம் மடிப்புகளில் நைந்து, தொட்டாலே துகள் உதிரும் நிலையில் இருந்தது. ஸ்கேன் செய்யும் நடுவில் கருவி அணையும் ஒவ்வொரு முறையும் அத்தாளை மீண்டும் கண்ணாடியின் மீது விரிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் முறை விரித்தபோது ஓரத்தில் இருந்த கைச்சாத்தின் ஒரு துண்டு விரலோடு வந்தது. அன்றே முத்தவல்லி, “கருவி சரியாகும் வரைக்கும் அந்தப் பத்திரத்த யாரும் தொட வேணாம்” என்று சொல்லிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

ஆலோசனைகளுக்குக் குறைவில்லை. பேட்டரியை மாற்றுங்கள் என்றோர் பலர். வைரஸ் என்றார் ஒருவர். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த சகோதரர், “விண்டோஸ் 10ஐ அக்டோபரிலேயே நிறுத்திட்டாங்களே, அதான் அணையுது” என்றார். அக்டோபர் 14 அன்று நின்றது அப்பதிப்புக்கான இலவசப் பாதுகாப்பு மேம்படுத்தல்கள் மட்டுமே. அதனால் எந்தக் கருவியும் தானாக அணையாது. ஒவ்வொரு கருத்துக்கும் பின்னால் ஒரு செலவு இருந்தது. ஜமாஅத்தின் பணத்தை யூகத்தின் பேரில் செலவழிக்க எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

ஆகவே பழைய கணக்குப் புத்தகம் ஒன்றின் வெற்றுப் பக்கங்களில் குறிக்கத் தொடங்கினோம். கருவி அணைந்த நேரம், இயக்கி எத்தனை நிமிடங்கள் ஆயின, சார்ஜர் இணைந்திருந்ததா, என்ன வேலை நடந்தது, அடிப்புறம் எவ்வளவு சூடு, உடனே மீண்டும் இயங்கியதா: இவ்வளவுதான். நான்கு நாள்களில் ஓர் ஒழுங்கு புலப்பட்டது. வெறும் எழுத்து வேலையில் அது அணையவேயில்லை. ஸ்கேன் செய்து, படங்களைச் சுருக்கி, இணையத்தில் ஏற்றும்போது மட்டும் இருபது முதல் முப்பது நிமிடங்களுக்குள் அணைந்தது. உடனே பொத்தானை அழுத்தினால் சற்று நேரத்திலேயே மறுபடி அணையும். பத்து நிமிடம் ஓய்வு கொடுத்தால் ஒன்றுமே நடவாததுபோல் ஓடும்.

ஓய்வெடுத்தால் சரியாகும் கருவியில் முதலில் ஐயப்பட வேண்டியது சூட்டையே. செயலி என்னும் சில்லு வேலை மிகும்போது கொதிக்கும். அச்சூட்டை ஒரு செம்புக் குழாய் வாங்கி மெல்லிய தகடுகளுக்குக் கொண்டுசெல்ல, சிறு விசிறி அதை வெளியே ஊதித் தள்ளும். இப்பாதை அடைபட்டால் செயலி முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாமல் வெப்பம் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸை எட்டினால், உருகிக் கெடாதிருக்க மின்சாரத்தையே துண்டித்துவிடும். அந்த நொடியில் கோப்புகளைச் சேமிக்க அவகாசம் இராது. நாங்கள் பழுது என்று கருதியது கருவியின் தற்காப்பாகவும் இருக்கலாம் என்பது அப்போது புரிந்தது.

இருப்பினும் உறுதி செய்யாமல் கடைக்குச் செல்லவில்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் ‘கெர்னல் பவர் 41’ என்ற சிவப்புக் குறிப்பு வரிசையாக இருந்தது. இதைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். கருவி முறைப்படி மூடப்படாமல் மீண்டும் தொடங்கியது என்பதை மட்டுமே அது சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. அதைவிடப் பயன்பட்டவை இரண்டு சோதனைகள். சூட்டில் அணைந்த மறுகணமே இயக்கி, விண்டோஸுக்குள் நுழையாமல் பயாஸ் திரையிலேயே நிறுத்திவைத்தோம். மூன்று நிமிடங்களில் அங்கும் அணைந்தது. ஆக, வைரஸும் விண்டோஸும் குற்றமற்றவை. அடுத்து, கழற்றக்கூடிய அந்தப் பேட்டரியை எடுத்துவிட்டுச் சார்ஜரில் மட்டும் ஓட்டி ஸ்கேன் செய்தோம். அப்போதும் அணைந்தது. எல்லோரும் குற்றம் சாட்டிய பேட்டரி இவ்வழக்கில் விடுதலையானது. (அதன் மீது வேறொரு வழக்கு காத்திருந்தது, அதற்குப் பின்னர் வருகிறோம்.)

உளுந்தூர்பேட்டையில் பழுதுபார்க்கும் இளைஞரிடம் புத்தகத்தையும் சேர்த்தே கொண்டுசென்றோம். அவர் முதலில் படித்தது புத்தகத்தைத்தான். “இப்படி எழுதிட்டு வந்தா எங்களுக்குப் பாதி வேலை மிச்சம் பாய்” என்றவர், கருவியை இயக்கி, பக்கவாட்டுத் துவாரத்தில் புறங்கையை வைத்தார். “விசிறி சத்தம் கேக்குதுன்னு எல்லாரும் நம்பிடுறாங்க. காத்து வருதான்னு யாரும் கை வச்சுப் பாக்குறதில்ல.” காற்று வரவில்லை. அடிமூடியைத் திறந்தபோது, தகடுகளுக்கும் விசிறிக்கும் இடையே பஞ்சு மெத்தையைப் போலச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை படிந்திருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தார். முழுத் துண்டாக வந்தது. அதில் பச்சை இழைகள் இருந்தன. பள்ளிவாசல் கம்பளத்தின் நிறம்.

அலுவலகத்தில் மேசை இருந்தும் இளைஞர்கள் கம்பளத்தில் அமர்ந்து தட்டச்சு செய்வதே வழக்கம். பெரும்பாலான மடிக்கணினிகள் காற்றை அடிப்புறம் வழியாகவே உறிஞ்சுகின்றன. கம்பளமும் மெத்தையும் போர்வையும் அத்துவாரத்தை மூடுவதோடு, தம் இழைகளையும் உள்ளே அனுப்புகின்றன. நம் வீடுகளில் பிள்ளைகள் மெத்தைமேல் வைத்துப் படிக்கும் கருவிகளுக்கும் இதே கதிதான். செயலிக்கும் செம்புக்கும் இடையில் தடவிய தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. துடைத்துப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தார். 300 ரூபாய் பெற்றுக்கொண்டார். வீட்டில் தாமே ஊதித் துப்புரவு செய்ய விரும்புவோருக்கு அவர் சொன்ன எச்சரிக்கை: விசிறியை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும், காற்றின் வேகத்தில் அது தறிகெட்டுச் சுழன்றால் பழுதாகும்.

அன்று அஸருக்குப் பின் தொடங்கி மக்ரிப் வரை இடைவிடாது ஸ்கேன் செய்தோம். அல்ஹம்துலில்லாஹ், ஒருமுறைகூட அணையவில்லை.

இரு நாள் கழித்து மழையில் மின்சாரம் நின்றது. பேட்டரி 38 விழுக்காடு என்று காட்டிக்கொண்டிருக்கையிலேயே திரை கறுத்தது. இது இரண்டாம் நோய்; அறிகுறி ஒன்றாயினும் காரணம் வேறு. மின்கல அடுக்கில் ஓர் அறை நலிந்திருந்தாலும், சுமை ஏறும்போது அதன் அழுத்தம் சரிந்து மொத்தத்தையும் வீழ்த்திவிடும். விழுக்காட்டுக் கணக்கு அதைக் காண்பதில்லை. விண்டோஸின் கட்டளைத் திரையில் ‘பவர்சிஎஃப்ஜி’ கட்டளைவழியே பேட்டரி அறிக்கை பெறலாம். அதில் தயாரிக்கப்பட்டபோது இருந்த கொள்ளளவும் இப்போது நிரம்பும் அளவும் அருகருகே இருக்கும். எங்களுடையது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. எட்டாண்டுக்கு அது நியாயமே. கழற்றிப் பார்த்தபோது நடுப்பகுதி சற்று உப்பியும் இருந்தது. உப்பிய லித்தியம் பேட்டரியை அழுத்தவோ குத்தவோ சார்ஜ் செய்யவோ கூடாது, தீப்பற்றும். தொடுபலகை மேலெழுவதும் விசைப்பலகை வளைவதும் உட்புறப் பேட்டரி உப்புவதன் அடையாளங்கள். அந்நிலையில் மட்டும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

இவ்விரண்டும் அல்லாத காரணங்களும் உண்டு. சார்ஜர் முனை தளர்ந்திருந்தால் கம்பியை அசைக்கும்போது அணையும். நினைவகப் பலகை சரியாக அமராவிட்டால் நேர ஒழுங்கின்றி, சூடின்றி, நினைத்தபோது அணையும். குறிப்பேட்டில் எந்த ஒழுங்குமே தென்படாவிட்டால் அங்கே தேடலாம்.

புதிய பேட்டரி வாங்கவில்லை. அலுவலகத்தில் இன்வெர்ட்டர் இருக்கிறது. கருவி அங்கிருந்து நகர்வதில்லை. அதை வைக்க ஓர் உயர்ந்த தாங்கி மட்டும் தேவைப்பட்டது. பழைய ரேஹால் ஒன்று சும்மா கிடக்கிறதே என்று ஒரு சிறுவன் எடுத்து வந்தான். இமாம் ஹஜ்ரத் சிரித்தபடி அதை வாங்கித் துடைத்து அலமாரியில் வைத்தார். “அது முஸ்ஹஃபுக்கு உரியது தம்பி, தச்சரிடம் சொல்லுவோம்” என்றார். தச்சர் இரண்டு மரச்சட்டங்களைக் குறுக்கே அறைந்து கொடுத்துவிட்டார், காசு வாங்காமல்.

முத்தவல்லி பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்தது நவம்பர் கடைசி வாரத்தில். கண்ணாடித் தாள் உறைக்குள் வைத்து ஒரே முறையில் ஸ்கேன் செய்தோம். கோப்பை முதலில் ஒரு பென்டிரைவில் சேமித்த பிறகே தளத்தில் ஏற்றினோம். உதிர்ந்த கைச்சாத்துத் துண்டையும் அதே உறையில் அதன் இடத்தில் பொருத்தி வைத்திருக்கிறோம். உப்பிய பேட்டரி, குப்பையில் போடக்கூடாதது என்பதால், அலுவலகத்துக்கு வெளியே மணல் நிரப்பிய சட்டியில் இருக்கிறது. அடுத்து உளுந்தூர்பேட்டை செல்பவர், இன்ஷா அல்லாஹ், அதை மின்னணுக் கழிவுக்காக அந்த இளைஞரிடம் சேர்ப்பார்.