கடல் விலகிய ஊர்

தூத்துக்குடி

அன்புள்ள நண்பனுக்கு,

அப்பாவின் வயலையும் வீட்டையும் விற்றுவிட்டுக் கோயம்புத்தூரிலேயே இருந்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். துறைமுகமே குடிபெயர்ந்த கரையிலிருந்து பதில் எழுதுகிறேன்.

கொற்கைக்குப் போயிருந்தேன். பாண்டியரின் முத்துத் துறைமுகம் என்று பள்ளியில் படித்தோமே, அதே கொற்கைதான். வயல், வாழை, குளம், வயதான ஒரு வன்னி மரம் எல்லாம் இருக்கின்றன, கடலைத்தான் காணோம். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல், கடலை ஆறேழு கிலோமீட்டர் தள்ளிவிட்டது. வணிகமும் கடலின் பின்னாலேயே போனது. மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பார்த்த காயல் அடுத்த துறை. அதுவும் தூர்ந்தது. போர்த்துகீசியர் காலத்தில் புன்னைக்காயல், அதன் பிறகு தூத்துக்குடி. கடலை நம்பிப் பிழைத்தவர்கள் கடல் போன இடத்துக்குப் போனார்கள். இதில் அழ ஒன்றுமில்லை.

ஆனால் இதே தூத்துக்குடியில் வேறொன்றும் நடந்திருக்கிறது. மதுரை நாயக்கரின் ஆட்களோடு மோதல் முற்றியபோது, 1604 வாக்கில் முத்துக் குளிக்கும் பரதவர்கள் சேசு சபைப் பாதிரியார்களோடு எதிரே இருக்கும் முயல் தீவுக்கே குடிபோனார்கள். அதே கடல், அதே சனம். கரையும் கண்ணுக்கெட்டிய தூரத்தில்தான். இருந்தும் சில ஆண்டுகளில் திரும்பிவிட்டார்கள். தொழிலும் சனமும் கூடவே வந்தாலும் மனிதனுக்குப் போதவில்லை போலும்.

முத்துக் குளிப்பும் நிலையான பிழைப்பாக இருந்ததில்லை. கடலடிப் பார்களில் முத்துச் சிப்பி விளையாத ஆண்டுகளே அதிகம். அப்போதெல்லாம் மன்னார்ப் பக்கம் போய்க் குளித்தார்கள், கரையோரக் கடலில் சங்கு எடுத்தார்கள், திரும்பி வந்தார்கள். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக் குளிப்பே நடக்கவில்லை. சங்கு குளிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மற்றவர்களின் பிள்ளைகள் துறைமுகம், கப்பல், சென்னை, வளைகுடா என்று போய்விட்டார்கள். ஆனால் ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்கு எங்கிருந்தாலும் வந்துவிடுகிறார்கள். அந்த நாட்களில் தெருவில் நடந்து பார், ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் பெட்டியோடு ஒருவர் இறங்கிக்கொண்டிருப்பார். வருஷம் முழுக்க இங்கே இல்லாதவரை யாரும் விருந்தாளி என்று சொல்வதில்லை.

எனவே என் யோசனை இது. வயலை விற்பதில் தப்பில்லை. நீ உழப் போவதில்லை. உழுகிறவன் வாங்கினால் நிலத்துக்கும் நல்லது. வீட்டு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதே. உன் ஊர் அம்மன் கொடைக்கு வரும்போது பெட்டியை எந்தத் திண்ணையில் வைப்பாய் என்று அம்மாவோடு உட்கார்ந்து பேசு. அதற்குப் பதில் கிடைத்த பிறகு பத்திரம் எழுதலாம்.

உன்
நண்பன்